நான்காவது தந்தியைக் கழற்றிய பிறகு

கடையில் கிடைக்கும் சாதாரண உக்குலேலே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நைலான் தந்திகள் இருக்கும். மடியில் வைத்துப் பார்த்தால் மேலிருந்து கீழாக ஜி, சி, ஈ, ஏ. கடைசியில் இருக்கும் ஏ தந்தியைக் கழற்றிவிடுங்கள். சி தந்தியை அரைச் சுரம் தளர்த்தி பி ஆக்குங்கள். இப்போது ஜி, பி, ஈ என்று மூன்றே தந்திகள். வேலை முடிந்தது. கையில் இருப்பதை இனி உக்குலேலே என்று சொல்ல வேண்டாம். அதன் பெயர் ச்சுக்.

முதன்முதலாக இதைச் செய்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. நான்கு தந்திக்குக் காசு கொடுத்தவள் ஒன்றைச் சுருட்டி உறையில் போட்டு அலமாரியில் வைக்கிறேன். ஒரு வாத்தியம் கற்றுக்கொள்வது என்றால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவது என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே முதல் பாடமே கழித்தல்.

ச்சுக், கெரொஞ்சோங் இசையின் வாத்தியம். கெரொஞ்சோங் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு பாட்டைத்தான் சொல்வேன்: 'பெங்காவான் சோலோ'. சிங்கப்பூர்க்காரர்களுக்கு அது பண்டான் கேக் வாங்கும் கடையின் பெயர். வோங் கார்-வாய் பைத்தியங்களுக்கு 'இன் தி மூட் ஃபார் லவ்' படத்தில் ரெபேக்கா பான் குரலில் கேட்கும் பாட்டு. அதை 1940இல் எழுதியவர் ஜாவாவின் சோலோ நகரத்துக் கெசாங். அப்போது அவருக்கு இருபதுகளின் தொடக்கம். ஜப்பானியர் காலத்தில் சிப்பாய்கள் அதைக் கற்றுக்கொண்டு ஜப்பானுக்கே கொண்டுபோனார்கள். எல்லாரும் எங்கோ கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பாட்டுக்கு அடியில், விட்டு விட்டுச் சொட்டும் மழைத்தண்ணீர் மாதிரி ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருக்குமே, அதை யார் வாசிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கெரொஞ்சோங் குழுவில் வயலினும் புல்லாங்குழலும் பாடகரோடு மேலே பறக்கும். கிடார் கீழே நிற்காமல் ஓடும். செலோவை வில் போட்டு வாசிக்கமாட்டார்கள். விரலால் சுண்டிக் கெண்டாங் மத்தளம் போல் பேசவைப்பார்கள். பேஸ் அடியில் நிதானமாக நடக்கும். இதற்கெல்லாம் நடுவில் இரண்டு சின்ன வாத்தியங்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒன்று ச்சுக். இன்னொன்று ச்சாக். சொட்டுகிற சத்தம் அந்த இரண்டு பேருடையது.

நான் கற்றுக்கொண்டது ஜொகூர் பாருவில். ஒரு தாமானின் பாலாய் ராயாவில் சனிக்கிழமை இரவுகளில் கூடும் குழு. என்னைத் தவிர எல்லாருக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. ச்சுக் வாசிக்கும் பாக்சிக்கும் ச்சாக் வாசிக்கும் பாக்சிக்கும் அண்ணன் தம்பி. முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அண்ணனுக்கு இடது கை விரல்கள் மடங்க மறுக்கத் தொடங்கியிருந்தன. சட்டைப் பொத்தான் போடவே காலையில் பத்து நிமிடம் ஆகிறது என்றார். ஆள் தேடினார்கள். அவருடைய மகள் என்னோடு வேலை செய்பவள். "உனக்குத்தான் உக்குலேலே தெரியுமே, வந்து பாரேன்" என்றாள். போனேன். அவர் என் நான்கு தந்தியைப் பார்த்துவிட்டு, "டிக், ஒன்று அதிகமாக இருக்கிறது" என்றார்.

சுருதி சேர்ப்பதிலிருந்து ஆரம்பித்தோம். இப்போது எல்லாரும் தலைப்பகுதியில் கவ்விக்கொள்ளும் டியூனரைத்தான் நம்புகிறோம். பச்சை விளக்கு வந்தால் சரி. பாக்சிக் அதைக் கழற்றச் சொன்னார். கிடாரிடமிருந்து ஈயை மட்டும் கடன் வாங்கு, மற்றதை நீயே தேடு என்றார். தேடுவது கஷ்டமில்லை. ஈ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் ஜி வரும். மேலே இருக்கும் தந்தி அதோடு ஒன்றாகக் கலக்க வேண்டும். பி தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் ஈ வரும். அது கீழே இருக்கும் தந்தியோடு சேர வேண்டும். இரண்டு சத்தமும் நெருங்கி வரும்போது நடுவில் ஒரு அலை எழும்பும். வாவ் வாவ் வாவ் என்று. நெருங்க நெருங்க அலை மெதுவாகும். அது முழுதாக நின்றால் சேர்ந்துவிட்டது. டியூனரில் இது கண்ணுக்குத் தெரியும். காதால் கேட்டால் வயிற்றில் தெரியும்.

சேர்ந்தது அப்படியே நிற்கவும் செய்யாது. புது நைலான் சில நாளைக்கு இழுபட்டுக்கொண்டே இருக்கும். அதோடு நம் ஊர்ப் புழுக்கம். வெளியிலிருந்து ஏர்கோன் அறைக்குள் கொண்டுவந்தால் கால் மணி நேரத்தில் மறுபடி முறுக்காணியைத் திருக வேண்டும். இன்னொன்று, சிக்காகச் செய்த தந்தியை பிக்கு இறக்கும்போது அது தொய்ந்துவிடும். வேகமாகச் சுண்டினால் ஃப்ரெட்டில் உரசி இரையும். கொஞ்சம் தடித்த தந்தி மாட்டினால் அடங்கிவிடும். இதையெல்லாம் பாக்சிக் விளக்கிச் சொன்னதில்லை. தன் பையைத் திறந்து ஒரு தந்தியை எடுத்து நீட்டுவார். அவ்வளவுதான்.

இந்தத் தந்திகளின் வரிசையில் ஒரு வேடிக்கை உண்டு. கிடாரில் மேலிருந்து கீழே வரவர சுரம் உயர்ந்துகொண்டே போகும். ச்சுக்கில் மேலே இருக்கும் ஜிதான் மூன்றிலும் உயர்ந்தது. நடுவில் இருக்கும் பிதான் தாழ்ந்தது. ஈ இரண்டுக்கும் இடையில். மேடு, பள்ளம், பிறகு பாதி மேடு. அதனால் கையை ஒருமுறை கீழே இழுத்தால் படி ஏறுகிற சத்தம் வராது. ஒரு பானைக்குள் எதையோ போட்டுக் குலுக்கிய மாதிரி 'க்ரொங்' என்று வரும். கெரொஞ்சோங் என்ற பெயரே இந்தச் சத்தத்திலிருந்து வந்தது என்பார்கள். விரல் வைக்காமல் வெறுமனே வருடினால் ஈ மைனர். அதாவது, சும்மா வைத்திருந்தாலே கொஞ்சம் சோகமாக இருக்கும் வாத்தியம்.

கிடார் தெரிந்தவர்களுக்கு விரல் வைப்பது சுலபம். கிடாரின் கீழ் மூன்று தந்திகளின் பெயரும் ஜி, பி, ஈதான். அதே வடிவங்கள் வேலை செய்யும். சி வேண்டுமா, பியில் முதல் ஃப்ரெட். ஒரு விரல் போதும். ஜி7 வேண்டுமா, ஈயில் முதல் ஃப்ரெட். அதுவும் ஒரு விரல். எஃப்புக்கு 2-1-1. டி7க்கு 2-1-2. இந்த நான்கையும் வைத்துக்கொண்டு நிறையப் பாட்டுக்குத் துணை போகலாம். லங்காம் என்கிற வகை 32 பார். ஸ்தம்புல் 16. கெரொஞ்சோங் அஸ்லி மட்டும் 28. நான்கு நான்காக ஏழு வரி. எட்டு எட்டாக எண்ணிப் பழகிய எங்கள் தலைமுறைக் காதுக்கு அந்த ஏழாவது வரி, படிக்கட்டில் இருட்டில் ஒரு படி குறைவது போல இருக்கும்.

இடது கை இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. விஷயமே அங்கே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

ச்சாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுவும் உக்குலேலே அளவில்தான் இருக்கும். ஆனால் எஃகுத் தந்தி. டி, எஃப் ஷார்ப், பி என்று சேர்ப்பார்கள். ஜி, பி, ஈக்கு இடையே என்ன தூரமோ அதே தூரம்தான் டி, எஃப் ஷார்ப், பிக்கு இடையேயும். ஒரே பாடம், வேறு கட்டை. அதனால் பாட்டு சியில் நிற்கும்போது ச்சுக்காரர் 0-1-0 என்று ஒரு விரல் வைப்பார். பக்கத்தில் ச்சாக்காரர் 2-1-1 வைப்பார். என் கைக்கு அது எஃப். ஆனால் சத்தம் சி. இரண்டு பேரும் வெவ்வேறு விரல் வைத்து ஒரே இடத்தில் போய் நிற்கிறோம். பக்கத்து ஆள் கையைப் பார்த்துக் காப்பியடிக்கவே முடியாத ஏற்பாடு இது.

தாளத்திலும் அப்படித்தான். ச்சுக், அடியை ஒட்டித் தந்திகளை உடைத்து உடைத்துச் சுண்டும். ச்சாக், அடிக்கு வெளியே, இடைவெளியில் விழும். நான் விட்ட இடத்தில் அவர், அவர் விட்ட இடத்தில் நான். தனியாகக் கேட்டால் இரண்டுமே ஓட்டை ஓட்டையாக இருக்கும். சேர்த்துக் கேட்டால் ஒரே ஆள் நான்கு கையால் வாசிப்பது மாதிரி இருக்கும். ஆரம்பப் பள்ளியில் இரட்டைக்கிளவி மனப்பாடம் செய்தோமே, ஞாபகமிருக்கிறதா? சலசல, படபட, தடதட. பிரித்தால் பொருள் தராது என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருப்பார். பரீட்சைக்காக மட்டும் எழுதிய அந்த விதி இருபது வருடம் கழித்து ஒரு பாலாய் ராயாவில்தான் எனக்குப் புரிந்தது. 'சல' என்றால் ஒன்றுமில்லை. 'சலசல' என்றால்தான் தண்ணீர்.

வேகம் மாறும்போது இது இன்னும் நெருக்கமாகும். எங்கெல், டோபெல் என்று இரண்டு நடை உண்டு. ஒற்றை, இரட்டை என்று பொருள்படும் டச்சுச் சொற்கள் அவை. டோபெலுக்குப் போகும்போது அடி அப்படியே இருக்கும். உள்ளே விழும் சத்தங்கள் இரட்டிப்பாகும். மிருதங்கம் கற்றவர்களிடம் இரண்டாம் காலம் என்றால் புரிந்துகொள்வார்கள். இரண்டு சகோதரர்களும் ஒருவரையொருவர் பார்க்காமலே அந்த மாற்றத்துக்குள் நுழைவார்கள். கண்ஜாடை, தலையசைப்பு ஒன்றும் கிடையாது.

எங்கள் வீட்டில் பெரிய மாமா ஒருநாள் கேட்டார். "ஏம்மா, வீண, வயலின்னு எவ்வளவோ இருக்கு. கோயில்ல சும்மாவே சொல்லித் தராங்க. இது அவங்க பாட்டுலா. நமக்கு எதுக்கு?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் அப்போது பதில் இல்லை. பிறகு கொஞ்சம் படித்தேன்.

1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். அவர்களுடைய கப்பல்களோடு சின்னச் சின்னக் கிடார்களும் இந்தப் பக்கம் வந்தன. 1641இல் மலாக்கா டச்சுக்காரர் கைக்குப் போனது. அவர்களுடைய தலைமையிடம் படாவியா, இன்றைய ஜகார்த்தா. அங்கே மர்டெய்க்கர் என்று ஒரு கூட்டம் இருந்தது. போர்த்துக்கீசியத் துறைமுகங்களிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, பிறகு விடுதலை பெற்றவர்கள், அவர்களுடைய வாரிசுகள். வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை என்று பல கரைகளிலிருந்து வந்தவர்கள். சொந்த மொழி போய், போர்த்துக்கீசியக் கிரியோல் பேசினார்கள். 1661 வாக்கில் அவர்களில் சில குடும்பங்கள் நகரத்துக்கு வெளியே துகு என்ற இடத்தில் குடியேற்றப்பட்டன. கெரொஞ்சோங்கின் பழைய வேர் அந்தக் கிராமத்தில்தான் என்பார்கள். தங்கள் சின்னக் கிடார்களுக்கு மாசினா, ப்ரொவுங்கா என்று அங்கே தனிப் பெயர்களே உண்டு.

மர்டெய்க்கர் என்ற சொல்லுக்கு மூலம் 'மகர்த்திக' என்ற சமஸ்கிருதச் சொல். அதிலிருந்து வந்ததுதான் மெர்டேக்கா. 1957 ஆகஸ்ட் 31 அன்று துங்கு ஏழு முறை உரக்கச் சொன்னாரே, அதே மெர்டேக்கா. அந்தச் சொல்லுக்குள் விடுவிக்கப்பட்ட அடிமை ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்று பள்ளியில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

இதை வைத்து 'கெரொஞ்சோங் தமிழனின் இசை' என்று வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடாதீர்கள். அப்படி இல்லை. அது யாருடைய தனிச் சொத்தும் இல்லை என்பதுதான் விஷயம். ஊர், பெயர், மொழி எல்லாம் பறிபோனவர்கள் கையில் கிடைத்த கிடாரை வைத்துக்கொண்டு வாசித்தது. பிறகு ஜாவாக்காரர்கள் அதைத் தங்கள் நடைக்கு மாற்றினார்கள், மலாய்க்காரர்கள் தங்கள் பாட்டுக்கு மாற்றினார்கள். உக்குலேலேயின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. 1879இல் 'ரேவன்ஸ்க்ராக்' என்ற கப்பலில் மதேராத் தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஹவாய்க்குப் போன போர்த்துக்கீசியர்கள், கையோடு மஷேட் என்கிற சின்னக் கிடாரையும் கொண்டுபோனார்கள். அங்கே அது உக்குலேலே ஆனது. ஹவாய் மொழியில், தாவும் தெள்ளுப்பூச்சி. ஆக ச்சுக், உக்குலேலேயின் பிள்ளை இல்லை. ஒன்றுவிட்ட உறவு. ஒன்று தோட்டக் கூலிகளோடு போனது, இன்னொன்று அடிமைகளோடு வளர்ந்தது. கூலிக்குக் கப்பலேறி வந்தவர்களின் கொள்ளுப்பேத்தி இதில் ஒன்றை மடியில் வைத்திருப்பதில் எனக்கு ஒன்றும் விசித்திரமாகத் தெரியவில்லை. மாமாவிடம் சொன்னேன். "அப்ப சரி" என்றார். பிறகு, "ஒரு எம்ஜியார் பாட்டு வாசிச்சுக் காட்டு" என்றார்.

பாக்சிக் எனக்குக் கற்றுத்தந்ததிலேயே கடினமானது ஒரு சொற்றொடர்தான். "ஜாங்ஙான் துங்கு." காத்திருக்காதே.

கெரொஞ்சோங் பாடுகிறவர்கள் தாளத்துக்குப் பின்னால் வருவார்கள். சொல் விழ வேண்டிய இடத்தில் விழாது. அடி கடந்துபோன பிறகு, பஸ்ஸைத் தவறவிட்டவர் அவசரமே இல்லாமல் நடந்து வருவது மாதிரி வரும். ஜாவாக்காரர்கள் இதை ங்காண்டுல் என்பார்கள். தொங்கிக்கொண்டு வருவது. எங்கள் குழுவில் பாடும் மாக்சிக்குக்கு எழுபது தாண்டிவிட்டது. இதய அறுவைச் சிகிச்சை ஆனவர். அவருடைய பின்தங்கலில் பாதி கலை, பாதி மூச்சு. எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது.

நாம் வளர்ந்த விதத்தில் பெரியவர் ஒருவர் பின்னால் வந்தால் நின்று கூட்டிக்கொண்டு போக வேண்டும். நம் கச்சேரியிலும் பக்கவாத்தியம் என்றால் பாடகர் போகும் வழியில் போவது. அதனால் அவர் ஒரு சொல்லை இழுக்கும்போது வலது கை தானாகத் தயங்கப் பார்க்கும். மரியாதைதானே அது. ஆனால் கெரொஞ்சோங்கில் அந்த மரியாதை கொல்லும்.

பாக்சிக் ஒருநாள் நிதானமாக விளக்கினார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "நீ நின்றால் அவளும் உன்னோடு நின்றுவிடுவாள். பிறகு இரண்டு பேரும் மெதுவாகப் போவீர்கள்; அவ்வளவுதான். கேட்கிறவனுக்குக் கிழவிக்கு முடியவில்லை என்று தெரியும். நீ போய்க்கொண்டே இரு. அப்போதுதான் அவள் பின்னால் வருவது பாட்டாகும்."

எனக்கு அதை யோசிக்கச் சில நாள் பிடித்தது. ஒருவருடைய தாமதம் அழகாக வேண்டுமென்றால் பக்கத்தில் யாரோ ஒருவர் நேரத்தோடு இருக்க வேண்டும். அவருக்காக நிற்பதுதான் அன்பு என்றில்லை. அவர் எப்போது வந்தாலும் வந்து சேர ஒரு இடம் அங்கேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் அன்புதான்.

கூலாயில் ஒரு கல்யாணத்தில் வாசித்தோம். சாப்பாட்டுச் சத்தம், குழந்தைகள், மேசைக்கு மேசை செல்ஃபி. யாரும் மேடையைப் பார்க்கவில்லை. மாக்சிக் ஒரு லங்காம் பாடினார். மூன்றாவது பகுதியில் மேலே ஏறும் இடத்தில் அவருக்கு மூச்சு போதவில்லை. சொல் வரவில்லை. ஒரு அடி போனது. இரண்டு அடி போனது. எனக்கு இடது பக்கத்தில் ச்சாக், துளிகூட அசையாமல் விழுந்துகொண்டிருந்தது. நான் அதன் இடைவெளிகளை மட்டும் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது அடியில் மாக்சிக் உள்ளே வந்தார். ஒரு சொல்லைச் சுருக்கி, இன்னொன்றை நீட்டி, வரியின் கடைசியில் எங்களோடு சரியாக வந்து இறங்கினார். முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா மட்டும் கையில் கரண்டியோடு "அடுஹாய்" என்றார். அவருக்கு அது திட்டமிட்டுச் செய்த நகாசு.

அதற்கு அடுத்த மாதம் தம்பி பாக்சிக் குவாந்தானில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். முட்டியில் அறுவை, தனியாக இருக்க முடியாது. ச்சாக்கையும் எடுத்துக்கொண்டு போனார். வரிசையில் ஒரு நாற்காலி காலியானது.

முதல் சனிக்கிழமை ச்சாக் இல்லாமல் வாசித்தபோது என் ஓட்டைகள் எல்லாம் எனக்கே கேட்டன. வயலின் இருக்கிறது, செலோ இருக்கிறது, கிடார் இருக்கிறது. ஆனாலும் இரண்டு கால்களில் ஒன்று குழியில் விழுந்துகொண்டே இருந்தது. கிடார் வாசிப்பவர், நீயே இடைவெளியிலும் சேர்த்து அடித்துவிடேன் என்றார். செய்து பார்த்தேன். சத்தம் நிறைந்தது. ஆனால் பேச்சுப் போய்விட்டது. ஒரு ஆள் கேள்வியும் கேட்டுப் பதிலும் சொல்வது மாதிரி.

அப்போது அண்ணன் பாக்சிக் காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். விரல்தான் மடங்காது. வாய்க்கு என்ன? நான் விட்ட இடங்களில் எல்லாம் "ச்சாக், ச்சாக்" என்று சொல்ல ஆரம்பித்தார். மெதுவாக, என் காதுக்கு மட்டும் கேட்கும் அளவில். தம்பியின் பகுதி முப்பது வருடமாக அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது இல்லையா? ஒரு இடம்கூடத் தப்பவில்லை. டோபெலுக்குப் போகும் இடத்தில் அவர் வாயும் என் கையும் ஒன்றாகத்தான் போயின. பாட்டு முடிந்ததும் தண்ணீர் கேட்டார். தொண்டை கட்டிவிட்டது.

இப்போதும் சனிக்கிழமைகளில் அப்படித்தான் ஓடுகிறது. நிகழ்ச்சி என்று யாராவது கூப்பிட்டால் இன்னும் ஒத்துக்கொள்வதில்லை. வாயால் இரண்டு மணி நேரம் முடியாது.

உக்குலேலேயிலிருந்து ச்சுக் செய்வதற்கு வீட்டில் ஐந்து நிமிடம் போதும். ச்சாக்கை அப்படிச் செய்ய முடியாது. நைலானுக்குக் கட்டிய உடம்பில் எஃகுத் தந்தியை ஏற்றினால் இழுவை தாங்காமல் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும். அதற்கென்றே கட்டிய வாத்தியம் வேண்டும். ஜாவாவில் சொல்லி வைத்திருக்கிறோம், வாத்தியம் வந்துவிடும். அதை மடியில் வைத்துக்கொள்ள ஒரு ஆள்தான் வேண்டும். இசை தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. சனிக்கிழமை இரவு எட்டரைக்கு வந்தால் போதும். 2-1-1 நான் சொல்லித் தருகிறேன். எங்கே விழ வேண்டும் என்பதைப் பாக்சிக் வாயால் சொல்லுவார்.